பல் செட்டும் பள்ளிப்பட்டுக் கடலை உருண்டையும்

எங்கள் தெருவில் சிமெண்ட் ரோடு போட்ட அன்றைக்கே, அது காய்வதற்கு முன்னால், பால்காரர் வீட்டு எருமை ஒன்று இந்த முனையில் ஏறி அந்த முனையில் நிதானமாக இறங்கிப் போனது. மணவாள நகருக்கு வந்தால் இன்றைக்கும் பார்க்கலாம். மழை பெய்தால் ஒவ்வொரு குளம்புத் தடத்திலும் ஒரு கை தண்ணீர் நிற்கும், காக்கை வந்து குடிக்கும். அந்த எருமை நடந்த வருஷம்தான் எனக்குப் பல் செட் கட்டினார்கள். என் பேத்திக்குப் பரிசம் போட்டதும் அதே வருஷம்தான்.

தேதி கேட்டால் எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் பக்கம் போனவன் இல்லை. இதையும் நான் வாயால் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள். என் பேச்சை அவள் புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள், அது அவள் இஷ்டம். மற்றவர்கள் பேசியதை மட்டும் அப்படியே விடு என்று சொல்லி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் என் தங்கை வீட்டுக்காரர் வாயில் இலக்கணத் தமிழ் வந்துவிடும், தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

நான் சொல்ல வந்தது 'செட்' என்கிற இங்கிலீஷ் வார்த்தையைப் பற்றி.

சின்ன வயதில் கழனி வேலைக்குப் போன இடத்தில்தான் அதை முதலில் கேட்டேன். நெல் பயிரிடுகிற பெரிய வீட்டில் பம்ப் செட் வைத்தார்கள். மோட்டார், அதன் கொட்டகை, தண்ணீர் விழுகிற தொட்டி, தொட்டியில் குளிக்கிற ஆட்கள் எல்லாம் சேர்ந்ததுதான் பம்ப் செட் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இப்போதும் அப்படி நினைப்பதில் பெரிய தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் கும்மிடிப்பூண்டியில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பர் வேலை கிடைத்தது. இரும்புத் தகட்டை மிஷினில் வைத்து அழுத்தி, கிண்ணம் மாதிரி, மூடி மாதிரி வடிவம் எடுக்கிற இடம். வடிவம் வருவதற்கு மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு இருக்கும். அதற்கு டை என்று பேர். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் உட்கார வேண்டும். உட்கார வைக்கிறவர் செட்டர். நான் அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவன். அவர் டையைத் தட்டிப் பார்த்து, கட்டை விரலால் தடவிப் பார்த்து, கடைசியில் "செட்டு!" என்பார். மிஷின் ஓடும்.

அவருக்கு அந்த ஒரு வார்த்தை எல்லாவற்றுக்கும் போதும். டீ நன்றாக இருந்தால் செட்டு. சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன பெண்டாட்டி திரும்பி வந்தால் செட்டு. என்னிடம் மட்டும் அடிக்கடி ஒன்று சொல்வார். சில நேரம் தகடு மடிந்து இரண்டு டைக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். மேல் டை ஏறாது, கீழ் டை விடாது. புது ஆட்கள் கடப்பாரையை விட்டு நெம்பப் போவார்கள். அவர் கத்துவார்.

"டேய், நெம்பாத! மேலயும் கீழயும் ஒண்ணா கழட்டு. ரெண்டும் சேந்து ஒரு செட்டு. வெளிய எடுத்து டேபிள் மேல வெச்சி அப்பால பொறுமையா பிரிச்சிக்கோ."

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

அவரிடமிருந்து அந்த வார்த்தை எனக்கும் தொற்றிக்கொண்டது. கேன்டீனில் செட் தோசை. கம்பெனி பஸ்ஸில் சீட்டாடினால் ஒரே நம்பர் சேர்ந்தால் செட். தயிர் உறைந்தால் செட். பெண்கள் போடுகிற தோடும் மாலையும் ஒரு செட். காலையில் என்னோடு நடக்க வருகிற கிழவர்கள் எங்க செட். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாத மாத்திரை செட் ஆகாத மாத்திரை. அப்படியே பல வருஷம் ஓடியது. கடைசியில் அது வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது, பல் செட்டாக.

பற்கள் ஒவ்வொன்றாகப் போய் வெறும் ஈறோடு ரொம்ப நாள் இருந்தேன். முறுக்கைத் தவிர எல்லாம் தின்பேன், பேச்சும் சுத்தமாக வரும். பேத்திக்குப் பள்ளிப்பட்டில் வரன் முடிவானதும் என் மகன்தான், விசேஷத்தில் போட்டோ எடுப்பார்கள் என்று என்னைத் திருவள்ளூரில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனான். மேல் வரிசை, கீழ் வரிசை, இரண்டும் பளபளவென்று. கண்ணாடியில் பார்த்தேன். யாரோ வசதியான ஆள் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தாத்தா, புதுசுல பேச்சு கொஞ்சம் மாறும். சத்தமா பேசிப் பேசிப் பழகுங்க. கெட்டியானது, ஒட்டுறது எதுவும் வாயில போடாதீங்க," என்றார் டாக்டரம்மா.

"சரிம்மா," என்றேன்.

அந்த 'ச' வாயை விட்டு வெளியே வந்தபோது கூடவே ஒரு விசிலும் வந்தது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து 'ச' என்று வாயெடுத்தால் விசில்தான். லேசான விசில் இல்லை, போலீஸ்காரர் ஊதுகிற மாதிரி. என் வீட்டுக்காரி அடுப்பில் குக்கர் வைத்துவிட்டு விசிலை எண்ணுவாள். கூடத்தில் உட்கார்ந்து நான் பேசுகிற விசிலையும் சேர்த்து எண்ணி அடுப்பை அணைத்துவிட்டாள். பருப்பு வேகவே இல்லை.

"யோவ், குக்கரு பக்கத்துல வாயத் தொறக்காத. எது நீ, எது பருப்புன்னே தெரிய மாட்டங்குது," என்றாள்.

இன்னொரு நாள் பெரியபாளையம் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வழியில் நிறுத்தி, கண்டக்டர் டீ குடிக்க இறங்கியிருந்தார். பக்கத்தில் இருந்தவர் ஏதோ சொன்னார், நான் "சரி, சரி" என்றேன். இரண்டு விசில். டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். கண்டக்டர் கிளாசும் கையுமாக ஓடி வந்து ஏறினார். யார் ஊதியது என்று ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வயல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். பரிசம் அப்படி இல்லை.

எங்கள் வழக்கம் என்னவென்றால், மாப்பிள்ளை வீட்டார் தட்டோடு வந்து உட்கார்ந்ததும், பெண் வீட்டில் மூத்தவர் சபையில் எழுந்து நின்று, "பொண்ணு உங்களுது, பரிசம் எங்களுது" என்று மூன்று தடவை உரக்கச் சொல்ல வேண்டும். அவர்கள் பக்கத்து மூத்தவர், "பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது" என்று மூன்று தடவை பதில் சொல்வார். அப்புறம்தான் தட்டு மாற்றுவார்கள். என் அண்ணன் போன பிறகு எங்கள் வகையறாவில் அதைச் சொல்வது நான்தான். பத்திரிகை வாசிப்பதற்கு வேறு ஆள், மொய் எழுதுவதற்கு வேறு ஆள். எழுத்து தெரியாத எனக்கு விசேஷ வீட்டில் இருக்கிறது இந்த ஒரு வேலை. அதுவும் இது நான் தூக்கி வளர்த்த பேத்திக்கு.

அந்த வேலையின் மேல்தான் என் தங்கை வீட்டுக்காரருக்கு எப்போதும் ஒரு கண். அவருக்குப் பொதட்டூர்பேட்டையில் மைக் செட் கடை. கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர்தான். மைக்கைத் தட்டி "அலோ, அலோ" என்று சொல்லிச் சொல்லியே குரல் கனத்துப் போன ஆள். வாயில் எல்லாப் பல்லும் சொந்தப் பல். வேப்பங்குச்சி என்பார், கேட்காவிட்டாலும் சொல்வார். என் பல்லைப் பார்க்க வந்தவர், நான் "வாங்க மாப்ள, சாப்டீங்களா?" என்றதும் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மச்சான், நீ பரிசத்தன்னிக்கி கம்னு குந்திக்கினு இரு. நான் சொல்லிடறேன்."

"ஏன், எனக்கு இன்னா கேடு?"

"உனுக்கு ஒண்ணும் இல்ல மச்சான், என் மைக்குக்குத்தான். உன் வாயில கெளம்புற விசிலு என் குழாயில ஏறுனா பூண்டி ஏரி வரிக்கும் கேக்கும். சங்கு ஊதி ஏரியத் தொறந்து உட்டாங்கோன்னு ஜனங்க மூட்ட முடிச்சோட ஓடும்."

என் தங்கை அவரை முறைத்தாள். என் வீட்டுக்காரி சிரிப்பை அடக்க உள்ளே போனாள். பேத்திதான் எழுந்து வந்தாள். அவள் கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் பார்க்கிறாள். இது தேறும், இது தேறாது என்று பிரித்துப் போடுகிற வேலை.

"எனக்கு தாத்தாதான் சொல்லணும். வேற யாரு சொன்னாலும் நான் எழுந்து உள்ள போயிடுவேன்," என்றாள்.

தங்கை வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி. பரிசத்துக்கு முந்தின நாளு நான் வயரு கட்ட வருவேன். அன்னிக்கி நான் இன்னா கேட்டாலும் விசிலு இல்லாம மச்சான் பதில் சொல்லட்டும். மைக்க அவரு கையில குடுத்துடறேன். ஒரு விசிலு வந்துது, நான்தான்."

அவர் போனதும் பேத்தி என்னிடம் சொன்னாள். "தாத்தா, பல்லு தன்னால பழகட்டும். அதுவரிக்கும் நீ 'ச' இல்லாம பேசு. பரிசம்னு சொல்லாத, பரியம்னு சொல்லு. அதுவும் நம்ம பக்கம் சொல்றதுதான். மொதல்ல அந்த செட்டை உடு. ஒரு நாளைக்கி எத்தினி வாட்டி சொல்ற தெரியுமா?"

எனக்குத் தெரியாது. நிறுத்திய பிறகுதான் தெரிந்தது.

முதல் நாளே டிபன் கடையில் மாட்டிக்கொண்டேன். செட் தோசைக்கு வேறு என்ன சொல்வது? யோசித்து, "ரெண்டு தோ…தையும் வடகறியும்" என்று இருமலோடு சேர்த்து ஒப்பேற்றினேன். அவன் பேப்பர் மாதிரி முறுகலாக இரண்டைக் கொண்டுவந்து வைத்தான். புதுப் பல்லால் கடித்தால் வாய்க்குள் யாரோ ஓடு உடைப்பது போலச் சத்தம் கேட்டது.

மருந்துக் கடையில், "போன வாட்டி குடுத்த மாத்திரை எனக்கு ஒத்துக்கல" என்றேன். வீட்டில், "தயிரு கெட்டியாயிட்டுதா?" என்றேன். நடக்கப் போகும்போது எங்க செட் என்று சொல்லாமல், கூட்டாளிங்க என்றேன். எருமை நடந்த ரோட்டைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "இறுகறதுக்கு முன்னாடியே எருமை ஏறிட்டுது" என்றேன். டிவிக்குப் பக்கத்தில் இருக்கிற செட்டாப் பாக்ஸை, "அந்தக் கறுப்பு டப்பா" என்றேன். தோடு மாலைக்கு ஜோடி என்று சொல்லிப் பார்த்தேன். 'ஜ' இன்னும் மோசம், விசிலோடு எச்சிலும் தெறித்தது. "எல்லாம் ஒரே மாதிரி" என்று மாற்றிக்கொண்டேன்.

ஒரே ஆளை வைத்து ஒன்பது வேலை வாங்கிவிட்டு, அவன் லீவு போட்ட அன்றைக்கு ஒன்பது ஆள் தேடித் திரிகிற கம்பெனி மாதிரி ஆகிவிட்டது என் நிலைமை. உறைவதற்கு ஒரு வார்த்தை, இறுகுவதற்கு ஒன்று, ஒத்துப்போவதற்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று. எல்லாம் சின்ன வயதில் என் வாயில் இருந்த வார்த்தைகள்தான். இந்த 'செட்' வந்து உட்கார்ந்ததும் அவை எல்லாம் ஓரமாகப் போய்விட்டிருக்கின்றன. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. செட் ரொம்ப உழைத்த வார்த்தை. எப்போது திரும்பச் சொல்வோம் என்று நாக்கு துடித்துக்கொண்டே இருந்தது.

பரிசத்துக்கு முந்தின நாள் தங்கை வீட்டுக்காரர் வந்தார். வேப்ப மரத்தில் குழாயைக் கட்டி, கூடத்துக்கு வயர் இழுத்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீடு மொத்தமும் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்த்தது.

"மச்சான், இன்னிக்கி இன்னா கெழம?"

அன்றைக்குச் சனிக்கிழமை. அவர் தெரிந்துதான் கேட்டார்.

"வெள்ளிக்கு மறுநாளு," என்றேன்.

"ஓகோ. தட்டுல ஊத்திக்கீறாங்களே, இது இன்னா கொழம்பு?"

"பருப்பு போட்ட கொழம்பு."

"இதுக்கு ஊரெல்லாம் ஒரு பேரு வெச்சிக்கீது."

"ஊருக்கு வேற வேல இல்ல."

"காப்பியில இன்னா போட்டு குடிக்கிற?"

"ஒண்ணும் போடறதில்ல. நீ வந்தா தேவைப்படறதில்ல, உன் வாயே அவ்ளோ இனிப்பு."

வாசற்படியில் சிரிப்பு. அவர் தோற்கிற ஆள் இல்லை. தோளில் துண்டைச் சரி செய்துகொண்டு, என் தங்கையைக் காட்டினார்.

"இவ உனுக்கு இன்னா வேணும்?"

தங்கச்சி என்றால் விசில். நான் அவளைப் பார்த்தேன். அவள் கரண்டியோடு நின்றிருந்தாள்.

"என் கூடப் பொறந்தவ. உன்னைக் கட்டிக்கினு படாத பாடு படறவ."

தங்கை சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது. "எங்கண்ணன் கையில மைக்கக் குடுத்துடுய்யா, போதும்!" என்றாள். அவர் வாயில் இருந்த சோற்றை முழுங்கிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு விசில் கூட இல்லை. அன்றைக்கு ராஜா மாதிரி தூங்கினேன்.

மறுநாள் காலையில் நாஷ்டா வேளைக்கே பள்ளிப்பட்டிலிருந்து வேன் வந்துவிட்டது. ஆந்திரா எல்லைக்காரர்கள், பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. மாப்பிள்ளையின் தாத்தா முன்னால் இறங்கினார். ஒல்லியான, அமைதியான மனிதர், அதிகம் பேசவில்லை, புன்னகை மட்டும். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளையின் அத்தை இறங்கினார். கையில் ஒரு பெரிய தூக்குப் பாத்திரம். அதை யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்தபடியே வந்திருக்கிறார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். தட்டுகள் வரிசையாக வந்தன. பேத்தி பட்டுப் புடவையில், தோடும் மாலையும் எல்லாம் ஒரே மாதிரியாக, கூடத்தின் ஓரத்தில் வந்து நின்றாள். தங்கை வீட்டுக்காரர் "அலோ, அலோ" என்று தட்டிப் பார்த்து மைக்கை என் கையில் கொடுத்தார். நான் எழுந்தேன். பொண்ணு உங்களுது, பரியம் எங்களுது. மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"இருங்க நைனா," என்று அத்தை எழுந்தார். "எங்க பக்கம் ஒரு வழக்கம் கீது. பேசறவங்க வாயில எங்க ஊட்டு இனிப்பு ஒண்ணு போட்டாத்தான் பேச்சு. நானே கைப்பட செஞ்சது."

தூக்கைத் திறந்தார். வேர்க்கடலை உருண்டை. ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. டாக்டரம்மா சொன்னது காதில் கேட்டது. ஆனால் சபை நடுவில், மாப்பிள்ளை வீட்டு அத்தை கை நீட்டி ஊட்டும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க முடியுமா? திறந்தேன். வைத்தார். கடித்தேன்.

ருசி எழுந்தது பாருங்கள், நெய் மணம், ஏலக்காய், வறுத்த கடலை. இரண்டாவது கடிக்குப் பல் இறங்கியது. இறங்கியது ஏறவில்லை. பாகு ரொம்ப முற்றிப்போயிருந்தது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் அந்த உருண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இறுகிவிட்டன. வாய் மூடியபடி. கையில் மைக்.

"சொல்லுங்க நைனா," என்றார் அத்தை ஆசையாக.

"ம்ம்ம்ம்," என்றேன். வேப்ப மரத்துக் குழாயில் அது மாடு கத்துவது மாதிரி தெருவெல்லாம் கேட்டது.

சபை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கண்ணை உருட்டினேன். அது அவர்களுக்குக் கோபம் மாதிரித் தெரிந்திருக்கும். பள்ளிப்பட்டு ஆட்களுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது.

"பெரியவரு ஏன் மொறைக்கிறாரு?"

"இஷ்டம் இல்லியா இன்னா?"

"ஏமோ நைனா, முன்னாடியே சொல்லியிருந்தா நாங்க வண்டி வெச்சிக்கினு வந்திருக்க மாட்டமே."

என் மகன் அவர்களைக் கையமர்த்திக்கொண்டே என்னைப் பார்த்தான். தங்கை வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து காதில் கிசுகிசுத்தார். அந்த நேரம் அவர் குரலில் கேலி இல்லை. "மச்சான், பேஜாரா பூடும் போல கீது. குடு, நான் சொல்லிடறேன்."

கொடுத்துவிடலாம் என்று கை நீண்டது. அப்போதுதான் பேத்தியைப் பார்த்தேன். அவள் உள்ளே போவதற்குக் காலை எடுத்து வைத்திருந்தாள். சொன்னதைச் செய்கிற பெண். அவள் உள்ளே போனால் வேன் திரும்பிவிடும்.

நாக்கால் மேல் வரிசையை நெம்பினேன். வலித்தது, நகரவில்லை. கீழ் வரிசையை நெம்பினேன். அதுவும் இல்லை. அந்த நேரத்தில் கும்மிடிப்பூண்டி பிரஸ் ஷாப்பும், மிஷின் சத்தமும், செட்டர் கத்துவதும் எனக்கு அப்படியே கேட்டது. நெம்பாத. மேலயும் கீழயும் ஒண்ணா கழட்டு.

சுவரில் சாமி படம் மாட்டியிருந்தது. அதைப் பார்த்துத் திரும்பி, மைக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு, துண்டைத் தலைமேல் போட்டுக்கொண்டு கும்பிடுவது போலக் குனிந்தேன். இரண்டு கட்டை விரலையும் வாய் ஓரத்தில் விட்டு, மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் ஒரே நேரத்தில் பிடி தளர்த்தினேன். மேல் வரிசை, கீழ் வரிசை, நடுவில் பள்ளிப்பட்டு உருண்டை, மூன்றும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, முழு செட்டாக வெளியே வந்தது. துண்டின் முனையில் சுற்றினேன். முடிச்சுப் போட்டேன். தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

"பாத்தியா, பெரியவரு சாமிய வேண்டிக்கினு கீறாரு," என்றது ஒரு குரல்.

மைக்கைப் பிடித்தேன். வாய் வெறும் ஈறு. பழைய வாய். அதற்குப் பிறகு பரியம் எதற்கு?

"பொண்ணு உங்களுது, பரிசம் எங்களுது!"

விசில் இல்லை. காற்று இல்லை. என் அண்ணன் சொன்ன மாதிரியே வந்தது. மூன்று தடவையும் சொன்னேன். மூன்றாவது தடவை தேவைக்கு மேல் கொஞ்சம் உரக்கச் சொன்னேன், தங்கை வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் தாத்தா எழுந்து, மெதுவான குரலில், பரிசம் உங்களுது, பொண்ணு எங்களுது என்று மூன்று தடவை சொன்னார். தட்டு மாற்றினோம். சம்பந்தி முறைக்கு என்னை அவர் கட்டிப் பிடித்தார். பிடித்தவர் லேசாகத் துள்ளினார். என் தோள் துண்டில் இருந்தது அவர் தோளைக் கடித்துவிட்டது.

"இன்னா நைனா அது?" என்று காதோடு கேட்டார்.

மறைத்துப் பயனில்லை. "பல்லு. கூட உங்க ஊட்டு உருண்டை."

அவர் உடம்பு குலுங்கியது. அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். காதோடு சொன்னார்:

"என்னுதும் செட்டுதான் நைனா. என் பொண்ணு தூக்க எடுத்துக்கினு வண்டியில ஏறும்போதே கழட்டி ஜோபுல போட்டுட்டேன். அவ பாகு எனக்குத் தெரியாதா?"

நாங்கள் இரண்டு பேரும் பிடியை விடாமல் நின்று குலுங்கினோம். போட்டோக்காரர் அதைத்தான் பெரிதாக எடுத்தார். இரண்டு கிழவர்கள், இரண்டு பேர் வாயிலும் ஒரு பல் கிடையாது.

தங்கை வீட்டுக்காரர் மைக்கை என் முன்னால் நீட்டினார். "மச்சான், இன்னா, எல்லாம் முடிஞ்சிதா? சபைக்கி ஒரு வார்த்த சொல்லு."

பேத்தியைப் பார்த்தேன். அவள் சிரித்துத் தலையை ஆட்டினாள்.

"செட்டு!" என்றேன்.

அது வேப்ப மரத்துக் குழாயில் ஏறி, விசில் இல்லாமல், சுத்தமாகத் தெருவெல்லாம் போனது.

மத்தியானம் பல்லை வெந்நீர்ச் சொம்பில் போட்டு வைத்தேன். பாகு கரைந்து கடலை தனியாக மிதந்தது. பானகம் என்று நினைத்துத் தங்கை வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துவிட்டார். நான் தடுத்தேன். உடனே தடுக்கவில்லை, கொஞ்சம் யோசித்துத்தான் தடுத்தேன்.

ஒரு குறைதான் பாக்கி. நான் உருண்டையைத் துப்பிவிட்டேன் என்று யாரோ அந்த அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் தூக்கு கொண்டுவருவதில்லை. வெறும் பழம்தான் வருகிறது. நானே சொன்னால், சம்பந்தி வீட்டில் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும். பேத்தி சொன்னால் மாமியார் பக்கத்தில் வம்பு. அதனால் இதைப் படிக்கிற உங்களில் யாராவது பள்ளிப்பட்டுப் பக்கம் போனால், அந்த அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ருசி, மணம், வறுவல் எல்லாம் செட்டு. பாகை மட்டும் ஒரு கொதி முன்னாலேயே இறக்கச் சொல்லுங்கள்.